ஜர்னல் கிளப்புக்கு எந்தக் கட்டுரை?

மதிப்பிற்குரிய ஐயா,

வடசென்னையில் ஓர் அரசு மருத்துவமனையில் பொது அறுவை சிகிச்சையில் முதுநிலை முதலாண்டு படிக்கிறேன். மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைக் கூடி விவாதிக்கும் எங்கள் ஜர்னல் கிளப்பில் ஒருவர் ஸ்லைடுகளை வாசிப்பார். இரவு டியூட்டி முடித்து வந்த மற்றவர்கள் கையெழுத்திட்டுவிட்டு அமர்ந்திருப்போம். அடுத்த மாதம் என் முறை. இதைப் பயனுள்ளதாக நடத்த என்ன செய்யலாம்?

ஒரு முதுநிலை மாணவர், பழைய வண்ணாரப்பேட்டை

அன்புள்ள டாக்டர்,

உங்கள் யூனிட்டில் எந்த நோயாளியைக் குறித்து மூத்தவர்கள் இருவர் இருவேறு முடிவு சொன்னார்களோ, அவருடைய சிக்கலுக்கு விடை தேடும் ஒரே ஒரு கட்டுரையை எடுத்து, ஒரு வாரம் முன்பே அனைவருக்கும் கொடுத்துவிடுங்கள். 1875-ல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் மருத்துவர் வில்லியம் ஆஸ்லர் ஜர்னல் கிளப்பைத் தொடங்கியபோது, விலை மிகுந்த இதழ்களைப் பலர் சேர்ந்து வாங்கிப் படிப்பது ஒரு நோக்கமாக இருந்தது. இன்று கட்டுரை எல்லோர் கைபேசியிலும் இருக்கும்போது, கூடும் நேரத்தை வாசித்துக் காட்டுவதில் கழிப்பது எனக்கு வருத்தமளிக்கிறது.

குடல்வால் அழற்சிக்கு (அப்பென்டிசைட்டிஸ்) ஆன்டிபயாட்டிக் மட்டும் போதுமா என்று ஆராய்ந்து, 2015-ல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் வெளிவந்த பின்லாந்தின் அப்பாக் ஆய்வை எடுத்துக்கொள்வோம். சிக்கலற்ற அழற்சி என்று சி.டி. ஸ்கேனில் உறுதியான 530 பேர் அதில் இருந்தனர். ஆன்டிபயாட்டிக் பெற்றவர்களில் சுமார் 27 சதவீதத்தினருக்கு ஓராண்டுக்குள் அறுவை சிகிச்சை தேவைப்பட்டது. அறுவை சிகிச்சையைவிட இவ்வளவு வரை பின்தங்கலாம் என்று ஆய்வாளர்கள் முன்கூட்டியே வகுத்த எல்லை 24 சதவீதம் என்பதால், அறுவை சிகிச்சைக்கு ஆன்டிபயாட்டிக் குறைந்ததல்ல என்று நிறுவ முடியவில்லை. ஆனால் நான்கில் மூவருக்குச் சற்றே குறைவானோர் ஓராண்டு வரை கத்தி படாமல் தப்பினர் என்றும் அதே எண்ணைப் படிக்கலாம். விவாதம் இங்கேதான் தொடங்க வேண்டும். அந்த எல்லையை 24 என்று எதனால் வைத்தார்கள்? அங்கே பெரும்பாலும் திறந்த முறையில் நடந்த அறுவையை, உங்கள் தியேட்டரில் சிறு துளைகள் வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பியோடு எப்படி ஒப்பிடுவது? நள்ளிரவில் கேஷுவாலிட்டிக்கு வருபவருக்குச் சி.டி. எடுக்காமல் இந்த முடிவு பொருந்துமா? ஆன்டிபயாட்டிக் பெற்றவர்களில் ஐந்தாண்டுக்குள் நோய் மீண்டும் வந்தவர்கள் 39 சதவீதம் என்று பின்தொடர் ஆய்வு கண்டதை, காசிமேட்டிலிருந்து ஆழ்கடலுக்குப் போய்ப் பல நாள் கழித்துக் கரை திரும்பும் மீனவரிடம் எந்தச் சொற்களில் சொல்வீர்கள்? அவர் கேட்பது நடுக்கடலில் வலி வந்தால் என்ன செய்வது என்பதாகத்தான் இருக்கும். கட்டுரையில் அதற்கு விடை இல்லை, நீங்கள்தான் யோசிக்க வேண்டும்.

முதலாண்டு மாணவர்களை முதலில் பேசவிடும்படி யூனிட் தலைவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பேராசிரியர் கருத்துச் சொன்னபின் மாறுபட்டுப் பேச இளையவர்களுக்குத் துணிவு வருவதில்லை. கட்டுரையின் முன்னுரைக்கு இரண்டு நிமிடம் போதும். புள்ளியியல் அறிந்த ஒருவரைச் சமூக மருத்துவத் துறையிலிருந்து அழையுங்கள். இரவு டியூட்டி முடித்தவர்களை உறங்க அனுப்பிவிடுங்கள். கலையும் முன், அதே நோயாளி இன்றிரவு வந்தால் யூனிட் என்ன செய்யும் என்பதை இரண்டு வரிகளில் எழுதி, டியூட்டி அறையில் ஒட்டி வையுங்கள்.