பதினைந்து வயது மகளோடு லங்காவிக்கு: ஒரு நாளை அவள் கையில் கொடுங்கள்

கேள்வி: நாங்கள் சுங்கை சிப்புட்டில் வசிக்கிறோம். கணவர் செம்பனை ஆலையில் வேலை செய்கிறார். ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில் நான்கு நாள் லங்காவிக்குப் போக நினைத்திருக்கிறோம். படிவம் மூன்றில் படிக்கும் பதினைந்து வயது மகள், "நீங்கள் போய்விட்டு வாருங்கள், நான் சித்தி வீட்டில் இருந்துகொள்கிறேன்" என்கிறாள். எட்டு வயது மகனோ கடல் என்றாலே துள்ளுகிறான். மூட்டு வலியுள்ள மாமியாரும் உடன் வருகிறார். எல்லோருக்கும் பொருந்தும்படி நாள்களை எப்படி அமைப்பது?

பதில்: அன்புச் சகோதரிக்கு, உங்கள் மகளுக்குக் கடல் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நம் வட்டாரத்துக் குடும்பங்களுக்குப் பல ஆண்டுகளாகச் சுற்றுப்பயணம் ஒழுங்கு செய்து கொடுத்துவரும் நான், இதே பேச்சைப் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன். எத்தனை மணிக்கு எழுவது, எந்தப் படகில் ஏறுவது, எங்கே சாப்பிடுவது என்று எல்லாவற்றையும் பெரியவர்களே முடித்துவிட்ட பயணத்தில், பதின்ம வயதுப் பிள்ளை சொந்தமாக முடிவெடுக்க மிஞ்சியிருப்பது ஒன்றுதான்: வரமாட்டேன் என்று சொல்வது. ஆகவே அவளுக்காக இன்னும் நான்கு கேளிக்கைகளைத் தேடிச் சேர்ப்பதைவிட, ஒரு முழு நாளை அவள் கையில் கொடுப்பதே பலன் தரும் என்பது என் உறுதியான கருத்து.

நான்கு நாள்களில் முதலும் கடைசியும் நெடுஞ்சாலையிலும் பெர்ரியிலும் கழிந்துவிடும். முழுதாகக் கிடைப்பவை நடுவிலுள்ள இரண்டு நாள்களே. ஒன்று உங்களுடையது, மற்றொன்று அவளுடையது. அவள் நாளுக்குரிய பணத்தை ஓர் உறையில் போட்டுக் கொடுத்து, மூன்று நிபந்தனைகளை மட்டும் சொல்லுங்கள்: தொகையை மீறக்கூடாது, தம்பி கலந்துகொள்ளக்கூடியது ஒன்றாவது இருக்க வேண்டும், பாட்டி ஏற முடியாத இடத்தில் அவர் யாரோடு எங்கே உட்கார்ந்திருப்பார் என்பதையும் அவளே யோசித்திருக்க வேண்டும். படகுக்காரரை அழைத்து மலாயில் விலை பேசுவதும் அவள் பொறுப்பாக இருக்கட்டும். அவள் தேர்ந்தெடுப்பது உங்களுக்குச் சலிப்பாகத் தோன்றினாலும் முகம் சுளிக்காமல் உடன் போங்கள்.

இது எப்படி வேலை செய்கிறது என்பதை ஒருமுறை லங்காவியின் கிலிம் அலையாத்திக் காட்டில் பார்த்தேன். வேனின் கடைசி இருக்கையில், இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு வழி முழுவதும் வாய் திறக்காமல் வந்த பதினாறு வயதுப் பையனிடம், படகு கிளம்பும் நேரத்தை முடிவு செய்யும் வேலையை அவன் தந்தை விட்டிருந்தார். அங்கே முதலைக் குகை என்று அழைக்கப்படும் சுண்ணாம்புக்கல் குகைக்குள், நீர் வற்றியிருக்கும்போதுதான் படகு நுழைய முடியும். பையன் கைப்பேசியில் கடல் ஏற்றவற்ற அட்டவணையைப் பார்த்து நேரம் குறித்திருந்தான். குகை வாயிலில் படகுக்காரர் வேகத்தைக் குறைத்து எல்லோரையும் தலை குனியச் சொன்னபோது, அவன் குனிந்தபடியே திரும்பி, தன் தாயின் தலைக்கும் மேலே இறங்கி வந்த பாறைக்கும் நடுவில் உள்ளங்கையை வைத்துக்கொண்டான்.

கிலிம் உங்கள் மாமியாருக்கும் ஏற்ற இடம், ஏனெனில் பெரும்பகுதியும் உட்கார்ந்தே பார்க்கலாம். லங்காவி என்ற பெயருக்கு, மலாயில் பருந்தைக் குறிக்கும் 'ஹெலாங்' என்ற சொல்லையும் செம்பழுப்பைக் குறிக்கும் 'காவி' என்ற சொல்லையும் சேர்த்து விளக்கம் சொல்வார்கள். அந்தப் பறவைதான் நாம் கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்ளும் வெண்தலைப் பருந்து. பருந்துகளை வரவழைக்கக் கோழித்தோலைத் தண்ணீரில் வீசும் பழக்கம் சில படகுகளில் உண்டு. அது அவற்றின் இயல்பான இரைதேடலைக் கெடுக்கிறது என்பதால், வேண்டாம் என்று ஏறும்போதே சொல்லிவிடுங்கள்.

நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பதின்ம வயதில் தூக்கத்தைத் தூண்டும் மெலடோனின் இரவில் தாமதமாகவே சுரக்கிறது; 13 முதல் 18 வயது வரை நாளுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. தோட்டத்தில் விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு எழுந்து பழகிய நம் வீடுகளில் இது சோம்பலாகவே படும். மகனும் கணவரும் ஏழு மணிக்கு பந்தாய் செனாங்கில் மணல் விளையாடட்டும், மாமியார் நிதானமாகத் தேநீர் குடிக்கட்டும், அவள் ஒன்பது மணிவரை தூங்கட்டும். விடியலில் கிளம்ப வேண்டிய நாள் ஒன்றுக்கு மேல் வேண்டாம்.

இனி, தாய்மார்கள் கேட்கத் தயங்கும் விஷயத்துக்கு வருகிறேன். பதினைந்து வயதுப் பெண் கடலுக்கு வர மறுத்தால், காரணம் பெரும்பாலும் கடலில் இருக்காது. நனைந்த உடையோடு உறவினர்முன் நிற்கும் கூச்சம், அந்த நாள்களில் மாதவிடாய் வந்துவிடுமோ என்ற கவலை, "வெயிலில் நின்றால் கறுத்துப்போவாய்" என்று சிறுவயதிலிருந்தே கேட்டுவந்த பேச்சு ஆகிய மூன்றில் ஒன்று அங்கே இருக்கும். அவளைத் தனியாக உட்காரவைத்துப் பேசுங்கள். தந்தையும் தம்பியும் இருக்கும் இடத்தில் வேண்டாம். பயணத் தேதியை இன்னும் உறுதி செய்யவில்லையென்றால் அவளைக் கேட்டே வையுங்கள். முழுக்கையும் முழுக்காலும் மூடும் நீச்சலுடை நம் நாட்டுக் கடைகளில் எளிதாகக் கிடைக்கிறது. கூச்சத்தைத் தீர்ப்பதோடு வெயிலையும் அது தடுக்கும். நிறத்தைப் பற்றி இந்த நான்கு நாளும் யாரும் ஒரு சொல்லும் பேசக்கூடாது என்று மாமியாரிடம் நீங்களும் கணவரும் சேர்ந்து அன்பாகச் சொல்லிவையுங்கள். அவள் குளிக்கும் படத்தை அவளைக் கேட்காமல் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். இந்த ஒரு தவற்றால் பிள்ளைகள் அறையைவிட்டு வெளியே வராமல் கழித்த விடுமுறைகளை நான் அறிவேன்.

அவள் துணிச்சலான எதையாவது கேட்டால் அஞ்ச வேண்டாம், விவரம் தெரிந்துகொள்ளுங்கள். லங்காவிக்குத் தெற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டரில் உள்ள பாயார் தீவு கடல் பூங்காவில் மீன்களை மிதந்தபடி பார்க்கலாம். உங்கள் தேதியில் படகு போகிறதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். ஸ்கூபா முக்குளிப்பைச் சோதித்துப் பார்க்க விரும்பினால், முக்குளிப்புப் பயிற்சி நடத்தும் பேடி (PADI) அமைப்பின் விதிப்படி அறிமுக முக்குளிப்புக்குக் குறைந்தபட்ச வயது 10, ஆழ வரம்பு 12 மீட்டர். ஆகவே மகள் போகலாம், மகன் இன்னும் இரண்டு ஆண்டு பொறுக்க வேண்டும். உடல்நலப் படிவத்தில் பெற்றோர் கையெழுத்து தேவை. ஆஸ்துமா இருந்தால் மருத்துவரின் ஒப்புதலை ஊரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். முக்குளித்த அன்றே கேபிள் காரில் மலை ஏறக்கூடாது. ஆழத்தில் உடலில் கரைந்த நைட்ரஜன், காற்றழுத்தம் குறைந்த உயரத்தில் குமிழிகளாகி ஆபத்தை உண்டாக்கலாம். அதனால் மலையை முதல் முழு நாளிலும் முக்குளிப்பை அடுத்த நாளிலும் வையுங்கள்.

அந்த மலை மாட் சின்சாங். கேபிள் காரின் உச்சி நிலையம் 700 மீட்டருக்குச் சற்று மேலே இருக்கிறது. அங்குள்ள 125 மீட்டர் நீளத் தொங்குபாலத்துக்குச் செங்குத்தான படிகளில் இறங்க வேண்டும், அல்லது தனிக்கட்டணம் செலுத்திச் சாய்வு மின்தூக்கியில் போகலாம். மாமியார் உச்சி நிலையத்திலேயே இருந்து காட்சியைப் பார்ப்பது நல்லது. பலத்த காற்றிலும் இடியிலும் கேபிள் கார் நின்றுவிடும் என்பதால் காலை நேரத்துக்கே சீட்டு எடுங்கள். டாயாங் புந்திங் ஏரியில் படிகள் அதிகம், பிளாஸ்டிக் பையைக் கண்டாலே பறிக்கும் குரங்குகளும் அதிகம். மூட்டு வலிக்காரருக்கு அந்த இடத்தை நான் சொல்லமாட்டேன்.

இரண்டு விஷயங்களில் மட்டும் மகளிடம் விட்டுக்கொடுக்காதீர்கள். தீவில் மோட்டார் சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும். நம் நாட்டில் அதற்கான உரிமம் எடுக்கக் குறைந்தபட்ச வயது 16. காலியான சாலைதானே என்று கெஞ்சினாலும் கொடுக்க வேண்டாம். மற்றொன்று, லங்காவிக் கடலில் பெட்டி ஜெல்லிமீன்கள் உண்டு. அவை கொட்டி உயிரிழப்பும் நேர்ந்திருக்கிறது. எச்சரிக்கைப் பலகை இருந்தால் யாரும் இறங்கக்கூடாது. ஒரு போத்தல் வினிகர் எப்போதும் கடற்கரைப் பையில் இருக்கட்டும். கொட்டிய இடத்தைத் தேய்க்காமல், நல்ல தண்ணீரில் கழுவாமல், வினிகரைத் தாராளமாக ஊற்றி, உடனே 999-ஐ அழையுங்கள்.

பருவத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை கிழக்குக் கரையின் பெர்ஹெந்தியான், ரெடாங் தீவுகளைத்தான் தாக்கும். மேற்குக் கரையில் லங்காவி அப்போது வறண்ட காலத்துக்குள் நுழைந்திருக்கும். மாமியாருக்குப் படகில் தலைசுற்றும் என்றால் கோல கெடாவைவிடக் கோல பெர்லிஸ் துறையே மேல். அங்கிருந்து கடற்பயணம் ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரந்தான்.

தீவுக்குள் பேருந்தை நம்பிச் சுற்ற முடியாது, வாடகைக் கார் கட்டாயம் வேண்டும். சாதாரணக் காரில் உங்கள் ஐவருக்கும் இடம் சரியாக இருக்கும். ஆனால் உங்கள் மகள் சித்தி வீட்டில் இருக்கவே விரும்புகிறாள் என்றால், அங்கே அவள் வயதையொட்டிய பிள்ளை யாராவது இருக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். இருந்தால் ஏழு பேர் அமரும் காராகப் பதிவு செய்து, அந்தப் பிள்ளையையும் அழைத்துக்கொள்ளுங்கள். கூடுதலாகும் வாடகையை நான் வீண்செலவாகக் கருதமாட்டேன்.