வீட்டுத் திட்டத்தைக் கையால் வரைந்து காட்டுவதா, நிஜம் போன்ற 3டி படமாகக் காட்டுவதா?

முதல் சந்திப்பென்றால் கையால் வரைந்ததைத்தான் காட்டுங்கள். யாழ்ப்பாணத்தில் வீடு வடிவமைக்கிறவன் என்ற முறையில் இதை உறுதியாகவே சொல்கிறேன்.

இங்கே காசு போடுகிறவர் பலவேளை கனடாவிலோ இலண்டனிலோ இருப்பார், வீட்டில் இருக்கப்போவது அம்மாவும் அப்பாவும். லூமியன் என்ற 3டி மென்பொருளில் செய்த பளபளப்பான படம் வட்ஸ்அப்பில் போனால், மாபிள் என்ன நிறம், கேற் என்ன டிசைன் என்றுதான் கேள்வி வரும். கிணற்றடிக்குப் போகிற வழி அடைபட்டுவிட்டதே, அம்மா மத்தியானத்தில் எங்கே காற்று வாங்குவா என்று ஒருவரும் கேட்பதில்லை, ஏனென்றால் அந்தப் படத்தில் எல்லாமே முடிவாகிவிட்ட மாதிரி இருக்கும். அதே வீட்டைப் பென்சிலில் வரைந்து மேசையில் விரித்தால் அம்மாவே விரலை வைத்து, "தம்பி, இந்த விறாந்தையைக் கொஞ்சம் நீட்டேலாதோ?" என்பா. எனக்கு வேண்டியது அந்தக் கேள்விதான்.

அப்புறம் வெயில். பலர் அழகுக்காகச் சூரியனை விரும்பிய பக்கம் இழுத்து வைத்து 3டி படத்தை றெண்டர் பண்ணி (கணினியில் உருவாக்கி) எடுக்கிறார்கள். நாம் இருப்பது வடக்கு அகலாங்கு ஏறக்குறைய 9.7 பாகையில், ஏப்ரல் நடுப்பகுதியிலிருந்து ஓகஸ்ட் கடைசி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். வடக்குச் சுவருக்கும் நிழல் வேண்டும் என்பதை அந்த மஞ்சள் வெளிச்சப் படம் சொல்லாது. மரங்களும் அப்படித்தான், மென்பொருளோடு வருகிற ஏதோ ஒரு குளிர்நாட்டு மரம் முற்றத்தில் நிற்கும், வளவில் உண்மையாக நிற்கிற வேம்பைக் காணோம்!

இலங்கையின் பெயர்பெற்ற கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் அலுவலகத்தில் லக்கி சேனநாயக்க, இஸ்மத் ரஹீம் போன்றவர்கள் வரைந்த படங்களைத் தேடிப் பாருங்கள். காணியில் நிற்கிற மரங்களைக் கிளை, இலை என்று பொறுமையாக வரைந்திருப்பார்கள். மரத்தை அப்படி உட்கார்ந்து வரைகிறவருக்கு அதை வெட்டச் சொல்ல மனம் வராது என்றே நினைக்கிறேன்.

3டி படம் வேண்டாம் என்று சொல்லவில்லை. திட்டப்படம் வாசிக்கத் தெரியாதவருக்கு அது பெரிய உதவி. அறைகள் முடிவான பிறகு செய்யுங்கள், ஆனால் மென்பொருளில் இடத்தை யாழ்ப்பாணம் என்று கொடுத்து, சூரியன் மிகவும் வடக்கே நிற்கிற ஜூன் 21, பின்னேரம் 3 மணி என்று வைத்து, சொந்த வளவு மரங்களோடு ஒரு படம் கட்டாயம் எடுங்கள். வீட்டுக்காரருக்கு முதலில் அனுப்ப வேண்டியது அதைத்தான்.