91 பகா எண்ணா? (கடிதம்)

அன்புள்ள ஐயா,

என் மகள் ஆறாம் வகுப்பு. பதினாறாம் வாய்ப்பாடு வரை தடங்கலில்லாமல் ஒப்பிப்பாள். ஆனால் காரணிச்செடி (ஓர் எண்ணைச் சிறு எண்களின் பெருக்கலாகக் கிளை கிளையாகப் பிரிக்கும் படம்) போடச் சொன்னால் தடுமாறுகிறாள். நேற்று 91ஐப் பகா எண் (1ஆலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடும் எண்) என்று எழுதிவிட்டு வந்தாள். 1 ஏன் பகா எண் இல்லை என்றும் கேட்கிறாள், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வாய்ப்பாட்டை இருபது வரை படிக்க வைக்கட்டுமா?

ஒரு வாசகி

அன்புள்ள அம்மா,

வேண்டாம், பதினாறு வரை தாராளம். 91 அவளுக்கு ஏற்கெனவே தெரியும். பதிமூன்றாம் வாய்ப்பாட்டில் ஏழாவது வரி அது. ஆனால் விடையைச் சொல்லி, எந்த எண்களைப் பெருக்கினால் இது வரும் என்று யாரும் அவளைக் கேட்டிருக்க மாட்டார்கள். காரணி காண்பது என்பதே வாய்ப்பாட்டைக் கடைசியிலிருந்து திருப்பி வாசிப்பதுதான்.

கொஞ்சம் புளியங்கொட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டைச் சம வரிசைகளாக அடுக்கச் சொல்லுங்கள். மூன்று வரிசையில் நான்கு நான்காக நிற்கும், இரண்டு வரிசையில் ஆறு ஆறாகவும் நிற்கும். பதிமூன்றை என்ன செய்தாலும் ஒரே நீள வரிசையாகத்தான் வைக்க முடியும். பகா எண் என்றால் என்ன என்பதை அவள் கையே கண்டுபிடித்துவிடும்.

51, 57 இரண்டும் 91 போலவே ஏமாற்றுபவை. 3×17, 3×19. பதினாறு வரையுள்ள வாய்ப்பாடுகளை ஒவ்வொன்றும் பத்து வரி என்று போட்டால் இந்த விடைகளே கிடையாது. ஆனால் 100க்குள் எந்த எண்ணையும் சோதிக்க 2, 3, 5, 7 போதும். இரண்டு காரணிகளுமே பத்தோ அதற்கு மேலோ என்றால் பெருக்கல் 100ஐத் தொட்டுவிடுமே! 97ஐ இந்த நான்காலும் வகுத்துப் பாருங்கள், ஒவ்வொன்றிலும் மீதி வரும். ஆகவே அது பகா எண்.

சரி, 1க்கு வருவோம். 12க்குக் காரணிச்செடியை 3×4 என்று தொடங்கினாலும் 2×6 என்று தொடங்கினாலும் நுனியில் வருவது 2, 2, 3 மட்டும்தான். 1ஐ விடப் பெரிய எந்த எண்ணுக்கும் இப்படிப் பகா எண்களின் ஒரே ஒரு கூட்டம்தான் உண்டு. கணக்கில் எனக்கு மிகவும் பிடித்த உண்மை இது. 1ஐயும் பகா எண் என்று வைத்துக்கொண்டால் 1×2×2×3, 1×1×2×2×3 என்று முடிவில்லாமல் எழுதிக்கொண்டே போகலாம். அந்த ஒரே கூட்டம் என்பது போய்விடும். அதனால்தான் 1ஐ வெளியே நிறுத்தினார்கள்.

பெருக்கும்போதும் இப்படிக் காரணிகளாக உடைப்பது கைகொடுக்கும். 16×35 என்றால், 16இலிருந்து ஒரு 2ஐ எடுத்து 35க்குக் கொடுங்கள். 8×70, அதாவது 560. தாளே வேண்டாம்.

அப்புறம், 91ஐ அவளே உடைத்த பிறகு 1001ஐக் கொடுங்கள். 11ஆல் வகுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மறுபடியும் அதே 91 வந்து நிற்கும்போது அவள் முகத்தைப் பாருங்கள்.