‘கை நீட்டுறாரா என்ன?’ – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

கல்யாணமாகி ஆறு வருஷம். ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். சம்பளம் ஏறிய அன்றே கணவர் தன் கணக்குக்கு மாற்றிக்கொள்வார். ஏடிஎம் கார்டும் அவரிடம்தான். டவுன் பஸ்தான் இலவசமாயிற்றே என்று காலையில் இருபது ரூபாய் தருவார். போனில் லொகேஷன் எப்போதும் ஆனில் இருக்க வேண்டும். பத்து நிமிஷம் தாமதமானால் வீடியோ கால். பக்கத்தில் யார் என்று காட்ட வேண்டும். அம்மாவிடம் சொன்னால், “குடிக்கிறாரா? கை நீட்டுறாரா? அப்புறம் என்னடி, உம்மேல உசுரையே வச்சிருக்காரு” என்கிறாள். நான்தான் பெரிதுபடுத்துகிறேனா?

ஆபீஸ் கம்ப்யூட்டரில் எழுதுகிறேன். பதிலைத் தளத்திலேயே போடுங்கள். மெயில் மட்டும் அனுப்பிவிடாதீர்கள். பெயரும் வேண்டாம்.

*

அன்புள்ள சகோதரிக்கு,

கேள்விக்கான பதிலை உங்கள் கடைசிப் பத்தியில் நீங்களே எழுதிவிட்டீர்கள். ஒரு மெயில் வந்தாலே வீட்டில் என்ன ஆகுமோ என்று பயப்படுகிறவர் எதையும் பெரிதுபடுத்தவில்லை.

என் சித்தப்பா குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ராத்திரி சாப்பாடு முடிந்ததும் கணக்கு நோட்டைக் கேட்பார். சித்தி பக்கத்தில் நிற்பாள். புளி, தீப்பெட்டி, கால் கிலோ கத்தரிக்காய் என ஒவ்வொன்றுக்கும் டிக். கொத்தமல்லி எட்டணா என்றிருந்தால், “நேத்து நாலணாதானே?” என்பார், சிரித்துக்கொண்டே. அப்படி ஒளித்த நாலணாக்களைச் சேர்த்துத்தான் சித்தி தன் அம்மாவைப் பார்க்க பஸ் ஏறியிருக்கிறாள். அது எனக்குத் தெரியவந்தது அவர் போனபிறகு. அதுவரை, ‘தங்கமான மனுஷன், ஒரு கெட்ட பழக்கம் கிடையாது’ என்று நானும்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

குடி, அடி இரண்டும் இல்லையென்றால் நம் வீடுகளில் வழக்கு முடிந்தது. மிச்சமெல்லாம் ‘பொசசிவ்’. அதைச் சொல்லும்போது சில பேருக்கு முகத்தில் பெருமை வேறு.

சட்டம் அங்கே நின்றுவிடவில்லை. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைப் பாதுகாப்புச் சட்டம் 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 3ஆம் பிரிவு அடி உதையோடு, சொல்லால் நோகடிப்பதையும் பணத்தை முடக்குவதையும் வன்முறை என்றே சொல்கிறது. விதிகளோடு வரும் புகார்ப் படிவத்தைப் பாருங்கள்: சம்பளத்தை எடுத்துக்கொள்வது, வேலைக்குப் போகவிடாமல் தடுப்பது, இன்னாரைப் பார்க்கக் கூடாது என்பது, எல்லாம் அதில் இருக்கின்றன. புகார் கொடுத்தால் உடனே அவரைப் பிடித்து உள்ளே போட்டுவிடுவார்கள் என்று அம்மா பயப்படலாம். அப்படியில்லை. மாஜிஸ்திரேட் முதலில் பாதுகாப்பு உத்தரவுதான் போடுவார். அதை மீறினால்தான் தண்டனை.

சம்பளம் வரவேண்டிய வங்கிக் கணக்கை ஆபீசில் சொல்லி மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அவசரப்பட வேண்டாம். விஷயம் தெரியவரும் அன்று ராத்திரி எங்கே இருப்பீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். நம்பிக்கையான ஒருவரிடமாவது சொல்லிவையுங்கள். பெண்கள் உதவி எண் 181. உங்கள் போன் வேண்டாம், ஆபீஸ் போனிலிருந்து கூப்பிடுங்கள்.

மெயில் அனுப்பவில்லை.