அதிகாலைச் சாயாவும் தைராய்டு மாத்திரையும்

கேள்வி: எனக்கு 43 வயது, எடை 50 கிலோ. அண்டி ஆபீசில் முந்திரிப் பருப்பு தரம் பிரிக்கும் வேலை பார்க்கிறேன். உடல் அசதி, முடி கொட்டுதல், அளவுக்கு மீறிய மாதவிடாய் என்று மருத்துவரிடம் போனபோது டி.எஸ்.எச். (தைராய்டு ஹார்மோன் குறையக் குறைய இரத்தத்தில் ஏறும் எண்) 18 என்று வந்தது. எட்டு மாதமாகத் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறேன். இப்போது 75 மைக்ரோகிராம். போன வாரம் பார்த்ததில் இன்னும் 11 இருக்கிறது. மருத்துவர் 100 ஆகக் கூட்டி எழுதியிருக்கிறார். பயத்தில் இன்னும் வாங்கவில்லை. கணவர் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர். அதிகாலை நாலரைக்கு எழுந்து அவருக்குச் சாயா போடும்போதே மாத்திரையை விழுங்கிவிட்டு, அவரோடு உட்கார்ந்து நானும் சாயா குடிப்பேன். மூட்டு வலிக்குக் கால்சியமும் இரத்தக் குறைவுக்கு இரும்புச் சத்து மாத்திரையும் தந்திருக்கிறார்கள். மறந்துவிடக் கூடாது என்று மூன்றையும் ஒன்றாகவே போட்டுவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் திருப்பலிக்கு முன் எதுவும் எடுப்பதில்லை. “இது செயற்கை ஹார்மோன், பழகினால் விடாது, நிறுத்திவிட்டு நாட்டு மருந்து பார்” என்கிறார் நாத்தனார். மரச்சீனியையும் (மரவள்ளிக் கிழங்கு) விடச் சொல்கிறார்கள். கல்யாணத்துக்கு வரன் பார்த்துவரும் மகளுக்கும் இது வருமா?
- வாசகி, கருங்கல்

பதில்:

அன்புள்ள சகோதரி,

மருந்து வேலை செய்யவில்லை என்ற கவலையோடு எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது, மருந்துக்கு வேலை செய்ய வாய்ப்பே கொடுக்கப்படவில்லை என்றுதான் எனக்குத் தோன்றியது. தைராய்டு சுரப்பி அறவே இயங்காமல் போன ஒருவருக்கும், அல்லது அறுவை சிகிச்சையில் சுரப்பியை முழுவதுமாக எடுத்துவிட்டவருக்கும்கூட, உடல் எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ 1.6 மைக்ரோகிராம் என்ற கணக்கில்தான் லெவோதைராக்சின், அதாவது நீங்கள் சாப்பிடும் தைராய்டு மாத்திரை, தரப்படுகிறது. உங்கள் 50 கிலோவுக்கு அது 80 மைக்ரோகிராம். நீங்கள் சாப்பிடுவது 75. தொடக்கத்தில் டி.எஸ்.எச். 18 ஆகத்தான் இருந்தது என்பதைப் பார்த்தால், உங்கள் சுரப்பி இன்னும் ஓரளவு தானாகவும் சுரந்துகொண்டிருக்க வேண்டும். அப்படியிருக்க, ஏறக்குறைய முழு அளவு மாத்திரையை எட்டு மாதம் சாப்பிட்ட பிறகும் அந்த எண் 11-இல் நிற்கிறதென்றால், அளவு போதுமா என்று கேட்பதற்கு முன், விழுங்கிய மாத்திரை இரத்தத்தில் சேர்ந்ததா என்று கேட்க வேண்டும்.

அதற்கான விடை உங்கள் அடுக்களையில் இருக்கிறது. இந்த மாத்திரை சிறுகுடலில்தான் உறிஞ்சப்படுகிறது. வெறும் வயிற்றில் வெறும் தண்ணீரோடு போட்டால்கூட அது முழுவதுமாகச் சேர்வதில்லை. கால்சியமும் இரும்பும் குடலுக்குள்ளேயே இதைப் பற்றிப் பிடித்துக்கொள்கின்றன. பிடிபட்ட பகுதி உறிஞ்சப்படாமல் மலத்தோடு வெளியேறிவிடும். ஆகையால் இவை இரண்டுக்கும் தைராய்டு மாத்திரைக்கும் இடையே நான்கு மணி நேரமாவது இருக்க வேண்டும். காபி இதன் உறிஞ்சலைக் குறைக்கும் என்பது நன்கு தெரிந்த செய்தி. பாலிலும் கால்சியம் இருப்பதால் பால் விட்ட சாயாவையும் அதே கணக்கில்தான் வைக்க வேண்டும். மறக்கக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில்தான் மூன்று மாத்திரைகளையும் ஒரே உள்ளங்கையில் வைத்து விழுங்கியிருக்கிறீர்கள். ஆனால் 75 மைக்ரோகிராமில் எவ்வளவு உள்ளே போனது என்பதை உங்கள் மருத்துவராலும் சொல்ல முடியாத நிலை அதனால்தான் வந்தது. ஒரு கிராம் உப்பைப் பத்தாயிரம் பங்காகப் பிரித்தால் ஒரு பங்கு 100 மைக்ரோகிராம். அதனினும் சிறிய அளவில் கொடுக்கப்படும் மருந்தில், கால் பங்கு வீணானாலும் இரத்தப் பரிசோதனை அதைக் காட்டிவிடும்.

மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்துச் சாயா குடியுங்கள் என்பதே எல்லோரும் சொல்லும் வழி. நானும் பலருக்கு அதைத்தான் சொல்கிறேன். உங்களுக்குச் சொல்ல மனம் வரவில்லை. நாலரை மணி இருட்டில், அவர் பால்வெட்டுக்குக் கிளம்புவதற்கு முன் இருவரும் உட்கார்ந்து குடிக்கும் அந்தச் சாயாவை விட்டால், நாளில் வேறு எப்போது சேர்ந்து உட்காரப் போகிறீர்கள்? ஆகவே சாயா இருந்த இடத்திலேயே இருக்கட்டும். மாத்திரையை இரவுக்கு நகர்த்துங்கள். இரவு உணவு முடிந்து மூன்று மணி நேரம் கழித்து, படுக்கப் போகும்போது போடும் மாத்திரை, காலையில் போடுவதற்கு எவ்விதத்திலும் குறைந்ததல்ல. மாலை ஆறரைக்குச் சாப்பாட்டை முடித்துக்கொண்டால் ஒன்பதரைக்கு மாத்திரை. இடையில் ஒரு டம்ளர் பாலோ, ஒரு பழமோகூட வேண்டாம். கால்சியத்தை ஆலையில் மதியச் சாப்பாட்டோடு எடுத்துக்கொள்ளுங்கள். இரும்புச் சத்து மாத்திரையை வேலை முடிந்து வீடு திரும்பியதும், ஐந்து மணிக்குள், தண்ணீரோடு போடுங்கள்; அதைச் சாயாவோடு போட்டால் இரும்பும் சரியாகச் சேராது. முறையை மாற்றும் நாளன்று காலையில் போடாமல் இரவில் போட்டால் போதும். எட்டு மணிக்கே உறங்கிவிடும் வீடு என்றால் இந்த ஏற்பாடு நடக்காது; அப்போது எழுந்த கையோடு மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாயாவை முக்கால் மணி நேரமாவது தள்ளிவைப்பதைத் தவிர வேறு வழியில்லை. அசிடிட்டிக்கென்று கடையில் வாங்கிப் போடும் மாத்திரை எதுவும் இருந்தால், அதையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அதுவும் உறிஞ்சலைக் குறைக்கக்கூடியது.

ஞாயிற்றுக்கிழமை விடுவது இன்னொரு இழப்பு. வாரத்தில் ஒரு மாத்திரை என்றால் ஏழில் ஒரு பங்கு. ஏறத்தாழ 14 சதவீத மருந்து வேண்டுமென்றே குறைக்கப்படுகிறது. நற்கருணைக்கு முன் ஒரு மணி நேரம் உண்ணாதிருக்க வேண்டும் என்று சொல்லும் திருச்சபைச் சட்டமே தண்ணீருக்கும் மருந்துக்கும் விலக்கு அளிக்கிறது. இரவுக்கு மாற்றிவிட்டால் அந்தக் கேள்வியே எழாது.

இனி, வாங்காமல் வைத்திருக்கும் அந்த 100 மைக்ரோகிராம் சீட்டு. அதைக் கிழித்துப் போடவும் வேண்டாம். எதுவும் சொல்லாமல் வாங்கிச் சாப்பிடவும் வேண்டாம். இந்த வாரமே அதே மருத்துவரிடம் போய், மூன்று மாத்திரைகளையும் சாயாவோடு சேர்த்துச் சாப்பிட்டதையும் ஞாயிறுகளில் விட்டதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். வரிசையில் நாற்பது பேர் காத்திருக்கும் ஓ.பி.யில், “மாத்திரையை எதோடு போடுகிறீர்கள்?” என்று கேட்க எங்களில் பலருக்கு நேரம் இருப்பதில்லை, அது எங்கள் தரப்புக் குறை. நீங்களே சொல்லிவிட்டால், 75-ஐ முறையாகச் சாப்பிடச் சொல்லி ஆறு முதல் எட்டு வாரத்தில் மறுபடி பார்க்கலாம் என்று அவர் முடிவு செய்ய வாய்ப்பு அதிகம். அளவைக் கூட்டுவதும் உறிஞ்சல் சரியாவதும் ஒரே நேரத்தில் நடந்தால், போதாத மருந்து திடீரென்று மிகையாகிவிடும். நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை, காரணமில்லாத எடைக்குறைவு ஆகியவை அதன் அடையாளங்கள். இவை தெரிந்தால் காத்திராமல் மருத்துவரைப் பாருங்கள். மிகை அளவு நீண்ட நாள் தொடர்ந்தால் இதயத்துடிப்பு ஒழுங்கு தவறலாம். மாதவிடாய் நிற்கும் வயதை நெருங்கும் பெண்களுக்கு எலும்பும் தேயும்.

ஆறு வாரம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்த ஹார்மோன் இரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறத்தாழ ஏழு நாள் ஆகும். அதனால் ஒரு மாற்றம் செய்தால், இரத்தத்தில் அதன் அளவு ஒரு நிலைக்கு வர ஐந்தாறு வாரம் பிடிக்கிறது. டி.எஸ்.எச். என்பது மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி, ‘இன்னும் சுர’ என்று தைராய்டுக்கு அனுப்பும் ஆணை. தைராய்டு சுரக்கும் ஹார்மோனான தைராக்சின் குறையக் குறைய அந்த ஆணை ஏறும், போதுமான அளவு கிடைத்தால் இறங்கும். மூன்றாம் வாரத்தில் அவசரப்பட்டுப் பார்த்தால் பாதி வழியில் நிற்கும் எண்தான் கிடைக்கும். நாகர்கோவிலோ மார்த்தாண்டமோ, முன்பு பார்த்த அதே ஆய்வகத்திலேயே பாருங்கள். முடி கொட்டுவதற்காகப் பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிட்டால், பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பே அதை நிறுத்திவிடுங்கள். சில ஆய்வு முறைகளில் அது டி.எஸ்.எச்.-ஐ உண்மையைவிடக் குறைத்துக் காட்டிவிடும். தைரோநார்ம், எல்ட்ராக்சின் என்று பெயர்கள் வேறானாலும் உள்ளே இருப்பது ஒரே மருந்துதான். ஆனாலும் மாதத்துக்கு ஒன்றாக மாற்றாமல் ஒரே பெயரிலேயே தொடர்வது நல்லது. நம் கரையோர ஈரக் காற்றில் இந்த மாத்திரைகள் எளிதில் கெட்டுப்போகும். வந்த பாட்டிலிலேயே மூடி இறுக்கி, அடுப்புக்கு மேலுள்ள தட்டில் வைக்காமல் படுக்கையறையில் வையுங்கள்.

நாத்தனார் சொன்ன ‘செயற்கை’ என்ற சொல்லுக்கு வருகிறேன். ஆய்வுக்கூடத்தில் செய்யப்படுகிறது என்பது உண்மை. ஆனால் செய்யப்படும் பொருள், உங்கள் கழுத்திலுள்ள சுரப்பி செய்யும் அதே தைராக்சின்; அணுவுக்கு அணு வேறுபாடில்லை. உடலால் இரண்டையும் பிரித்தறிய முடியாது. ‘இயற்கை’யான சிகிச்சைதான் முதலில் வந்தது: 1891-இல் இங்கிலாந்தில் ஜார்ஜ் மர்ரே என்ற மருத்துவர் ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஒரு பெண்ணுக்கு ஊசியாகச் செலுத்திப் பிழைக்கவைத்தார், அந்தப் பெண் அதற்குப் பின் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். 1914-இல் அமெரிக்காவில் எட்வர்ட் கெண்டால், டன் கணக்கில் பன்றிச் சுரப்பிகளைக் கரைத்துத் தைராக்சினைத் தனியே பிரித்தெடுத்தார். 1927-இல் ஹாரிங்டனும் பார்ஜரும் அதை ஆய்வுக்கூடத்திலேயே உருவாக்கிக் காட்டினார்கள். விலங்குச் சுரப்பியில் ஒரு முறை அதிகமும் ஒரு முறை குறைவுமாக ஹார்மோன் இருக்கும். மாத்திரையில் எவ்வளவு இருக்கிறது என்பது தெரியும். 75 என்றும் 88 என்றும் நுணுக்கமாக அளவு பிரித்துக் கொடுக்க முடிவது அதனால்தான்.

“பழகினால் விடாது” என்பதும் சரியான சொல்லல்ல. நம் நாட்டில் பெரியவர்களுக்குத் தைராய்டு குறைவதற்குப் பெரும்பாலும் காரணம், உடலின் எதிர்ப்பாற்றலே அந்தச் சுரப்பியை மெல்லத் தாக்கி அழிப்பது; 1912-இல் அதை விவரித்த ஜப்பானிய மருத்துவர் ஹாஷிமோட்டோவின் பெயரால் அது அழைக்கப்படுகிறது. அழிந்த பகுதி ஈடுசெய்யப்படும் வரைதான் உடல் சரியாக இருக்கும். கண்ணாடி போட்டுப் பார்ப்பவரைக் கண்ணாடிக்கு அடிமை என்று நாம் சொல்வதில்லையே. மாத்திரையை நிறுத்தினால் ஏற்படும் ஒரு பொய்த்தோற்றத்தையும் சொல்லியாக வேண்டும்: ஏழு நாளில் பாதிதான் குறையும் என்பதால், நிறுத்திய முதல் இரண்டு மூன்று வாரம் உங்களுக்கு எதுவுமே தெரியாது. அந்த நாள்களில் எந்தச் சூரணத்தைச் சாப்பிட்டாலும் அதுதான் காப்பாற்றுகிறது என்று தோன்றும். பிறகு அசதி மெதுவாகத் திரும்பும், மாதவிடாய்ப் போக்கு கூடும், இரத்தம் மேலும் குறையும். உங்கள் இரத்தக் குறைவுக்கே இந்தத் தைராய்டுக் குறைவு ஒரு காரணமாக இருந்திருக்கலாம். மாத்திரையை விடாமல் வேறு மருந்தும் சாப்பிட விரும்பினால், அதில் என்ன இருக்கிறது என்பதை மருத்துவரிடம் காட்டிவிட்டுச் சாப்பிடுங்கள்.

மரச்சீனியை விட வேண்டாம். அதிலுள்ள சயனைடுச் சேர்மம் உடலில் தயோசயனேட்டாக மாறி, சுரப்பி அயோடினை எடுத்துக்கொள்வதைத் தடுக்கும் என்பது உண்மைதான். ஆனால் அது நோயாக முற்றியது, அயோடினுக்கே பஞ்சமான இடங்களில், சரியாகப் பக்குவப்படுத்தாத கிழங்கையே மூன்று வேளையும் உண்டவர்களிடம். நாம் கிழங்கை வேகவைத்துத் தண்ணீரை வடித்துவிட்டுத்தான் மசிக்கிறோம். கூடவே சாளையோ நெத்திலியோ வைக்கிறோம். கடல் மீனில் அயோடின் இருக்கிறது, உப்பிலும் இருக்கிறது. மேலும், நீங்கள் சாப்பிடுவது அயோடின் ஏற்கெனவே சேர்ந்த, முழுதாக உருவான ஹார்மோன். கிழங்கு அதைத் தடுக்காது. முட்டைக்கோசுக்கும் இதே பதில்தான். அயோடின் மாத்திரை, கடற்பாசிப் பொடி என்று யாராவது கூடுதலாகத் தந்தால்தான் மறுக்க வேண்டும். ஹாஷிமோட்டோ உள்ளவர்களுக்கு மிகை அயோடின் கெடுதல் செய்யக்கூடும்.

மகளுக்கு வந்தே தீரும் என்பதில்லை. ஆனால் தாய்க்கு இருந்தால் வாய்ப்பு கூடுதல். அறிகுறி இல்லாவிட்டாலும் ஒரு டி.எஸ்.எச். பரிசோதனையைத் திருமணத்துக்கு முன்போ, குழந்தைக்குத் திட்டமிடும்போதோ செய்துவிடுங்கள். கருவின் தைராய்டு தானே போதுமான அளவு சுரக்கத் தொடங்கும் வரை, அதாவது கர்ப்பத்தின் முதல் பாதியில், குழந்தையின் மூளை வளர்ச்சி தாயின் தைராக்சினை நம்பியே இருக்கிறது. ஏற்கெனவே மாத்திரை சாப்பிடும் பெண்ணுக்குக் கருவுற்றது தெரிந்தவுடனேயே 25 முதல் 30 சதவீதம் கூடுதல் தேவைப்படும். அதனால் மகளுக்குக் குறை இருப்பது தெரியவந்தால், வரன் வீட்டாரிடம் மறைத்துவிட்டுப் புகுந்த வீட்டில் பாட்டிலை ஒளித்துவைத்துச் சாப்பிடும் நிலைக்கு அவளை ஆளாக்காதீர்கள். ஒளித்துச் சாப்பிடுகிறவர்கள்தான் ஒருநாள் விட்டு ஒருநாள் மறக்கிறார்கள்.