வட்டாரப் பேச்சைக் கதையில் எவ்வளவு எழுதலாம்?

கேள்வி: நான் கோவில்பட்டிப் பக்கத்துக்காரன். ஊர்ப் பேச்சை அப்படியே வைத்து எழுதிய என் சிறுகதையில் பாதி புரியவில்லை என்று வெளி மாவட்ட நண்பர்கள் சொல்கிறார்கள். உரையாடலை எழுத்துத் தமிழுக்கு மாற்றினால் மேடை நாடகம் போல இருக்கிறது என்கிறார்கள் உள்ளூர் நண்பர்கள். இரண்டு வடிவங்களையும் அனுப்பியிருக்கிறேன். எப்படிச் செப்பனிடுவது?

பதில்: இரண்டு வடிவங்களையும் படித்தேன். முதல் வடிவத்தில் படிப்பவரைத் தடுப்பது வட்டார வழக்கு அன்று, அதை நீங்கள் எழுத்துக்கூட்டியிருக்கும் விதம்தான். எடம், ஒடம்பு, வெல, எல என்று பக்கம் முழுவதும் எழுதியிருக்கிறீர்கள். இடத்தை ‘எடம்’ என்றும் உடம்பை ‘ஒடம்பு’ என்றும் ஒலிப்பது கோவில்பட்டிக்கு மட்டும் உரியது அன்று. தமிழ்நாட்டின் பெரும்பாலான வட்டாரங்களில் பேச்சு அப்படித்தான் இருக்கிறது. ‘இடம்’ என்று அச்சில் கண்டாலும், உரையாடலுக்குள் அது வரும்போது படிப்பவர் தம் பழக்கத்தால் பேச்சொலியையே கேட்டுக்கொள்வார். எல்லோருக்கும் பொதுவான ஒலிமாற்றத்தை எழுத்தில் காட்டுவதால் பாத்திரத்தைப் பற்றி எதுவும் தெரியவருவதில்லை. படிக்கும் வேகம் மட்டும் குறைகிறது. சில இடங்களில் பொருளே குழம்புகிறது. ‘வந்தா’ என்று நீங்கள் எழுதியிருப்பது வந்தாளா, வந்தாலா, மூக்கொலியோடு முடியும் வந்தானா என்பது இரண்டு வரி கடந்த பிறகுதான் தெரிகிறது. ஆண்பாலுக்கு ‘வந்தான்’ என்று னகர ஒற்றோடு எழுதிவிடுங்கள். ‘வந்தால்’ என்பதை அடுத்து வரும் சொற்கள் தெளிவுபடுத்தாத இடத்தில் வாக்கியத்தையே மாற்றி அமையுங்கள்.

விடக்கூடாதவை வேறு: வினைமுற்றுகளின் ஈறு, விளிச்சொல், உறவுமுறைப் பெயர். ‘இருக்காக’, ‘சொன்னாக’, ‘வாரேன்’, ‘மதினி’ ஆகிய நான்கும் உங்கள் மண்ணை உடனே சொல்லிவிடுகின்றன. எந்த மாவட்டத்து வாசகருக்கும் அவை புரியவும் செய்யும். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் இப்படிப்பட்ட மூன்று நான்கு கூறுகளைத் தேர்ந்துகொண்டு, கதை முடியும்வரை அவற்றை மாற்றாமல் கடைப்பிடியுங்கள். உங்கள் பிரதியில் தம்பி முதல் பக்கத்தில் ‘வாரேன்’ என்றும் நான்காம் பக்கத்தில் ‘வர்றேன்’ என்றும் பேசுகிறான். அதற்குக் கதையில் காரணம் இல்லாததால் அது கவனக்குறைவாகவே படுகிறது.

இனி இரண்டாவது வடிவம். அது நாடகம் போலத் தோன்றுவதற்கு எழுத்துத் தமிழைக் குறை சொல்வதில் பயனில்லை. அதில் அண்ணன் இப்படித் தொடங்குகிறான்: “தம்பி, நம் அப்பா இறந்து மூன்று வருடங்கள் ஆகின்றன. அவர் விட்டுச்சென்ற இரண்டு ஏக்கர் கரிசல் நிலத்தை நாம் இன்னும் பங்கு பிரிக்கவில்லை.” இதை எந்த வட்டார வழக்கில் மாற்றி எழுதினாலும் செயற்கையாகவே இருக்கும். தம்பிக்கு நன்றாகத் தெரிந்த செய்தியை, வாசகருக்காக அண்ணன் அவனிடம் ஒப்பிக்கிறான். செய்தியை விட்டுவிட்டுச் சண்டையை மட்டும் எழுதினால் ஏறத்தாழ இப்படி அமையலாம்:

“வடகாட்டுல இந்த வருசம் என்ன போட்டிருக்க?”

“உளுந்து.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல.”

“நீங்க சென்னைல இருக்கீக. ஒவ்வொரு வெதைப்புக்கும் போன் போட்டுக் கேக்கவா?”

“அப்பா இருந்தா கேட்டிருப்ப.”

“அப்பா இருந்தா நீ ஊருக்கே வந்திருக்க மாட்ட.”

நிலம் இன்னும் பொதுவில் கிடக்கிறது, தந்தை இல்லை, அண்ணன் வெளியூரில் இருக்கிறான், உழைப்பவன் தம்பி என்ற நான்கு செய்திகளும் யாரும் அறிவிக்காமலே வாசகரிடம் வந்துசேர்கின்றன. கடைசி வரியையும் கவனியுங்கள். ‘நீங்க’ என்று பேசிக்கொண்டிருந்த தம்பி ‘நீ’ என்று இறங்கிவிடுகிறான். ‘என்று ஆத்திரத்துடன் கத்தினான்’ என்று நீங்கள் உங்கள் பிரதியில் சேர்த்திருப்பது இதற்குப் பிறகு தேவைப்படாது. தமிழில் கதை எழுதுபவருக்கு மரியாதைப் பன்மை ஒரு பெரிய வசதி. நம்மவர்கள் அதை ஏன் இவ்வளவு சிக்கனமாகப் பயன்படுத்துகிறார்கள் என்பது எனக்கு விளங்குவதே இல்லை. ஆனால் இந்த இறக்கம் கதையில் ஒருமுறை நிகழ்ந்தால்தான் அதற்கு வலு. அதுவரை ‘நீங்க’ பிசகாமல் வந்திருக்கவும் வேண்டும். (‘வெதைப்பு’ என்பதை நான் வேண்டுமென்றே விட்டுவைத்தேன். மேலே சொன்ன விதிப்படி ‘விதைப்பு’ என்றே எழுதலாம். ஓரிரு சொற்களில் காது கேட்பதற்கு இடம் கொடுத்தால் தவறில்லை.)

கதைசொல்லியின் மொழி எது என்பதைத் தனியாக முடிவு செய்யுங்கள். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் உள்ள இடைசெவலிலேயே இதற்கு இரண்டு வழிகள் கிடைக்கின்றன. அந்தச் சிற்றூரில் பிறந்த கு. அழகிரிசாமி, கதைசொல்லும் பகுதியைப் பெரும்பாலும் தெளிந்த பொதுத்தமிழில் வைத்துக்கொண்டார். அதே ஊர்க்காரரும் அவருடைய நண்பருமான கி. ராஜநாராயணனோ, கதையைச் சொல்லும் குரலையே பேச்சுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். கரிசல் வட்டாரச் சொற்களுக்கு அகராதியும் தொகுத்தார். இரண்டும் வெற்றி பெற்ற வழிகள்தாம். பேச்சுக்குரலில் சொல்ல வேண்டுமானால், கதையைச் சொல்பவர் யார், எந்தத் திண்ணையில் உட்கார்ந்து யாரிடம் சொல்கிறார் என்பது உங்களுக்குத் திட்டமாகத் தெரிந்திருக்க வேண்டும். உங்கள் கதை அண்ணனின் மனத்துக்குள் நின்று நகர்கிறது; இருபது ஆண்டு சென்னையில் வாழ்ந்தவன் அவன். ஆகவே அழகிரிசாமியின் வழியே இதற்குப் பொருந்தும் என்பது என் கருத்து.

வெளியூரார் அறியாத சொற்களுக்கு அடைப்புக்குறிக்குள் பொருள் கொடுப்பதை நிறுத்திவிடுங்கள். ‘வெஞ்சனம் (தொட்டுக்கை)’ என்று எழுதியிருக்கிறீர்கள். ‘கஞ்சிக்கு வெஞ்சனமாக ஒரு துண்டு சுட்ட கருவாட்டை வைத்தாள்’ என்றால் விளக்கமும் வேண்டாம், அகராதியும் வேண்டாம். வாக்கியத்துக்குள் இப்படி உட்கார மறுக்கும் சொல், பெரும்பாலும் அந்த இடத்துக்குத் தேவையற்ற சொல்லாகவே இருக்கும்.

முடிவில் தம்பி தாசில்தாருக்குக் கொடுக்கும் பட்டா மனுவை மட்டும் முதல் வடிவத்தில் ஊர்ப் பேச்சுக்கு மாற்றியிருக்கிறீர்கள். அதை எழுத்துத் தமிழிலேயே விடுங்கள். தாலுகா அலுவலக வாசலில் காசு வாங்கிக்கொண்டு மனு எழுதித் தருபவர், ‘மேற்படி சர்வே எண்ணில் கண்ட நிலம்’ என்றுதான் எழுதுவார். தம்பி அதன் அடியில் கையெழுத்துப் போட்டால் போதும்.