உங்களுக்குப் பிடித்த பெரிய எண் எது? ஏன்?

ராமானுஜன் எண் 1729-ஐப் பற்றி எழுத நூறு பேர் வருவார்கள். எனக்குப் பிடித்தது 3816547290.

0 முதல் 9 வரை எல்லா இலக்கமும் இதில் ஒரே ஒரு தடவை வருகிறது. இடப்பக்கத்திலிருந்து முதல் இரண்டு இலக்கம் 38, அது 2-ஆல் வகுபடும். முதல் மூன்று 381, அது 3-ஆல். 3816 நான்கால். இப்படியே போய் முழு எண்ணும் 10-ஆல் மீதியில்லாமல் வகுபடும். பத்து இலக்கத்தையும் 36,28,800 விதமாக அடுக்கலாம். அத்தனையிலும் இது ஒன்றுதான் தேறும்.

நண்பன் புதிராகத்தான் கேட்டான், விடை சொல்லவில்லை. போச்சம்பள்ளிப் பக்கம் எங்களுக்கு மாந்தோப்பு. ஒரு ஜூன் மாத ராத்திரி, பெங்களூரா ரக மாங்காய் லோடோடு கிருஷ்ணகிரிக்கு வெளியே ஒரு மாங்கூழ் ஆலை வாசலில் டிராக்டர் வரிசையில் நிற்கிறோம். போனில் சார்ஜ் இல்லை. பழைய எடைச்சீட்டின் பின்பக்கம்தான் கிடைத்தது.

கடைசி இலக்கம் 0, ஐந்தாவது 5. இதில் யோசிக்க ஒன்றுமில்லை. இரட்டை இடங்களில் இரட்டை எண்கள்தான் உட்காரும், ஆக மூன்றாவது ஒற்றை எண். ஒற்றைக்குப் பின்னால் 2 அல்லது 6 வந்தால்தான் நான்கால் போகும் (12, 36 போகும், 14, 38 போகாது). எனவே நான்காவது இடம் 2 அல்லது 6. எட்டாவதுக்கும் அதே கதைதான். மிச்சமிருக்கும் 4-ம் 8-ம் இரண்டாவது, ஆறாவது இடங்களுக்கு. முதல் மூன்று இலக்கமும் முதல் ஆறும் 3-ஆல் வகுபடுவதால் நடு மூன்றின் கூட்டுத்தொகையும் வகுபட வேண்டும். அப்படிப் பார்த்தால் நடுவில் 258 அல்லது 654, வேறு வழியில்லை. எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான். லட்சக்கணக்கில் இருந்த கூட்டம் ஒரே வரியில் கலைந்துவிடுகிறது. 9-க்கு ஒன்றும் செய்ய வேண்டாம், 1 முதல் 9 வரை எப்படி அடுக்கினாலும் கூட்டினால் 45.

3-க்கும் 8-க்கும் சரிபார்த்தபின் பத்தே பத்து எண்கள் மிஞ்சின. இனி 7-ஆல் வகுத்துப் பார்க்க வேண்டியதுதான். 7-க்குக் குறுக்கு வழி எதுவும் எனக்குக் கைவராது, பத்தையும் வகுத்தேன். ஒன்றுகூடத் தேறவில்லை! புதிரே தப்பு என்று நண்பனைத் திட்டிக்கொண்டே இன்னொரு தடவை வகுத்தேன். 3816547-இல்தான் கோட்டை விட்டிருக்கிறேன். 7 × 545221, கச்சிதம்.

இலக்கங்கள் திரும்ப வரலாம் என்று விட்டுவிட்டால் இதே குணத்தோடு 25 இலக்கம் வரை போகலாம், அதற்கு மேல் கிடையாது. ஆனால் அது எடைச்சீட்டில் அடங்கும் வேலை இல்லை.

டீ வாங்கி வந்த மாமா டார்ச் அடித்துச் சீட்டைப் பார்த்தார்.

"யாரு நம்பர் மாப்ள இது? மூணுல ஆரம்பிக்குது?"

"யாரு நம்பரும் இல்ல மாமா."

"அப்ப எதுக்குக் கட்டம் போட்டு வெச்சிருக்க?"

அதற்குள் முன்னால் நின்ற வண்டி நகர்ந்துவிட்டது.